கடற்கரைப் பாறையில் ஒரு கறுப்புக் கோடு

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் டூப்ளே சிலைப் பக்கமாகத் தெற்கே நடந்தால், கடலுக்கும் சாலைக்கும் நடுவே பெரிய பெரிய பாறைகள் கொட்டிக் கிடக்கும். மாலை நேரத்தில் அதன்மேல் உட்கார இடம் கிடைக்குமா என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். நானும் அப்படி உட்காரப் போன ஒரு நாள்தான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். பாறை வெளிர்சாம்பல் நிறம். அதற்குள் வெள்ளையும் சாம்பலுமாக மாறி மாறி, அலையலையாகப் பட்டைகள். அந்தப் பட்டைகளின் போக்கோடு கொஞ்சமும் சேராமல், அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நான்கு விரல் அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு. இரண்டு ஓரமும் கத்தியால் கீறியதுபோல் நேராக இருந்தன. விரலை வைத்துத் தேய்த்தால் சாம்பல் பகுதி சொரசொரவென்று இருக்கிறது. கறுப்புக்கு வந்ததும் வழுவழுப்பாகிவிடுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாறை புதுச்சேரியின் பாறை இல்லை. நம் ஊருக்கு அடியில் இருப்பது மணல், களிமண், அதற்குக் கீழே செம்மண் மேடு. கோரிமேட்டிலும் ஆரோவில் பள்ளங்களிலும் தெரிகிற அந்தச் சிவப்பு மணற்கல்லுக்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர். அதற்கும் அடியில் வழுதாவூர்ப் பக்கம் தலைகாட்டுகிற பழைய கடலின் சுண்ணாம்புப் படிவங்கள். இதையெல்லாம் தாண்டிப் பல நூறு மீட்டர் ஆழத்தில்தான் கெட்டிப் பாறைத் தளம் இருக்கிறது. 1989ல் துறைமுகம் கட்டி முடித்த பிறகு, வடக்கு நோக்கிப் போகிற மணல் தடுக்கப்பட்டு நகரத்துக் கடற்கரை அரித்துக்கொண்டே போனது. கரையைக் காக்க லாரி லாரியாகப் பாறை கொண்டுவந்து கொட்டினார்கள். மேற்கே வழுதாவூரைத் தாண்டி, திருவக்கரை, மயிலம், திண்டிவனம் என்று போகப் போகத்தான் அந்தக் கெட்டிப் பாறை தரைக்கு மேலே வருகிறது. குவாரிகளும் கிரஷர்களும் அந்தப் பக்கம் நிறைந்திருக்க அதுதான் காரணம்.

சரி, அந்தக் கறுப்புக் கோடு என்ன?

என் கணிப்பில் அது ஒரு டைக்கின் கிளை. டைக் என்றால், பூமிக்குள் பாறை பிளந்த இடத்தில் கீழிருந்து பாறைக்குழம்பு ஏறி, அந்தப் பிளவிலேயே இறுகி, சுவர்போல் நின்றுவிட்டது. நடக்கும்போது அது எப்படி இருக்கும் என்பதை உலகமே பார்த்தது 2023ல்தான். ஐஸ்லாந்தில் கிரின்டாவிக் என்கிற மீனவ ஊர். நவம்பர் 10ஆம் தேதி நில அதிர்வு மேல் நில அதிர்வு. ஊருக்கு அடியில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு திறந்து, அதில் குழம்பு புகுந்துகொண்டிருந்தது. தெருவே இரண்டாகப் பிளந்து ஆவி வந்தது. ஊரில் இருந்த சுமார் 4,000 பேரையும் அன்று இரவே வெளியேற்றினார்கள். டிசம்பர் 18ஆம் தேதி அதே கோட்டில் குழம்பு மேலே வெடித்து வந்தது. எரிமலை என்றால் கூம்பு வடிவில் ஒரு மலை என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. உண்மையில் பெரும்பாலான வேலை இப்படித் தரைக்குக் கீழே, தட்டையான பிளவுகளில்தான் நடக்கிறது. குழம்பு மேலே வந்தால் அதற்குப் பெயர் லாவா. வராமல் நின்ற பகுதி டைக்.

வட தமிழ்நாட்டில் தர்மபுரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று நெடுக இப்படி நிறைய டைக்குகள் ஓடுகின்றன. மேலே எரிமலை இருந்திருந்தாலும் அது எப்போதோ தேய்ந்து கரைந்து போய்விட்டது. மழையும் காற்றும் கிலோமீட்டர் கணக்கில் நிலத்தைச் சுரண்டித் தள்ளிய பிறகு, ஒரு காலத்தில் ஆழத்தில் இருந்த வேர் இன்று நம் காலடிக்கு வந்திருக்கிறது. எரிமலையின் வேரைக் கையால் தொடுகிற வாய்ப்பு கிரின்டாவிக்காரர்களுக்குக்கூட எளிதில் கிடைக்காது. அவர்களுடையது இன்னும் தேயவில்லை.

இந்தக் கல்லுக்கு டோலரைட் என்று பெயர். வேதிக் கூறில் இது பசால்ட்டும் காப்ரோவும்தான். மூன்றும் ஒரே மாவில் செய்த பலகாரம் மாதிரி, ஆறிய வேகம்தான் வேறு. வெளியே கொட்டிச் சட்டென்று ஆறினால் பசால்ட், கண்ணுக்குத் துகள் தெரியாது. ஆழத்தில் பெரிய கொப்பரையாகத் தேங்கி மெதுவாக ஆறினால் காப்ரோ, படிகங்கள் பருப்பு அளவுக்குக்கூட வளரும். நடுவில் நிற்பது டோலரைட்.

இந்த வேக வித்தியாசத்தை ஒரே டைக்குக்குள்ளேயே பார்க்கலாம். நல்ல அகலமான டைக் ஒன்றின் நடுவில் நின்று, உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சின்னச் சின்னக் குச்சிகள்போல் ஃபெல்ஸ்பார் என்கிற வெளிர் கனிமத்தின் படிகங்கள் குறுக்கும் நெடுக்குமாக மின்னும். இடையில் இருக்கும் கறுப்பு, பைராக்சின் என்கிற இன்னொரு கனிமம். ஓரத்தை நோக்கி ஒவ்வொரு அடியாக நகர நகரக் குச்சிகள் சிறுத்துக்கொண்டே வரும். ஓரத்தைத் தொடும் கடைசிச் சில அங்குலத்தில் ஒன்றுமே தெரியாது, கறுப்பு மட்டும்தான். 1,100 டிகிரிக்கு மேல் சூடாக வந்த குழம்பு, ஆறிக் கிடந்த பழைய பாறைமேல் பட்டதும் சட்டென்று உறைந்துபோன இடம் அது. படிகம் வளர நேரமே கிடைக்கவில்லை. 30 மீட்டர் அகலமுள்ள டைக் உள்வரை ஆறி இறுகச் சில வருடங்கள் ஆகும். கடற்கரையில் நான் பார்த்த நான்கு விரல் கோட்டுக்கு ஒரு மணி நேரம்கூட அதிகம். அதனால்தான் அது முழுக்க வழுவழுப்பாக, ஓரத்துக்கும் நடுவுக்கும் வேறுபாடே இல்லாமல் இருக்கிறது.

இந்த இடத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஹட்டனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1785ல் அவர் க்ளென் டில்ட் என்கிற பள்ளத்தாக்கில், கருநிறப் பாறைக்குள் செந்நிற கிரானைட் நரம்புபோல் புகுந்திருப்பதைக் கண்டார். கிரானைட்தான் உலகின் முதல் பாறை, கடலில் படிந்து உண்டானது என்று படித்தவர்கள் நம்பிய காலம் அது. வெட்டப்பட்டது பழையது, வெட்டியது புதியது. இவ்வளவு எளிய உண்மையைக் கொண்டு, கிரானைட் உருகிய நிலையில் பின்னால் வந்து புகுந்தது என்று அவர் காட்டினார். கடற்கரைப் பாறையிலும் இதே கணக்குதான். கறுப்பு, சாம்பல் பட்டைகளோடு சேர்ந்து வளைந்து ஓடியிருந்தால் இரண்டும் சேர்ந்தே கசங்கியவை என்று சொல்லலாம். குறுக்கே வெட்டியிருப்பதால் வரிசை தெளிவாகிவிடுகிறது. முதலில் பாறை உண்டானது. அப்புறம் ஆழத்தில் வெந்து கசங்கிப் பட்டை பட்டையானது. அப்புறம் ஆறி, விறைத்து, உடையும் அளவுக்குக் கெட்டியானது. அதற்கும் அப்புறம்தான் நிலம் பிளந்து கறுப்பு ஏறியது. ஒரு கைக்குட்டை அகலப் பரப்பில் நான்கு காலங்கள்.

கல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது டோலரைட் அல்ல, பிளாக் கிரானைட். புவியியல்படி இது கிரானைட்டே கிடையாது, ஆனால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. திண்டிவனம் வட்டாரத்துக் குன்னம் கல்லுக்கு ‘குன்னம் பிளாக்’ என்று தனி வணிகப் பெயரே உண்டு. டோலரைட் உலகத்தில் அரிதான கல் இல்லை. ஆனால் துகள் மிக நுணுக்கமாக, வெடிப்பு இல்லாமல், வெள்ளைப் புள்ளி இல்லாமல், பெரிய கட்டியாக அறுத்தெடுக்கக்கூடிய டோலரைட் அரிது. அப்படிப்பட்ட கல்லை மெருகேற்றினால் கண்ணாடி தோற்கும். வாஷிங்டனில் 1982ல் எழுப்பிய வியட்நாம் போர் நினைவுச் சுவருக்குக் கறுப்புக் கல் பெங்களூர்ப் பக்கத்திலிருந்துதான் போனது. 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இறந்தவரின் பெயரைத் தடவிப் பார்ப்பவரின் முகம் அந்தப் பெயருக்குப் பின்னாலேயே தெரியும். தொழிற்சாலைகளில் மைக்ரான் கணக்கில் தட்டை பார்க்கிற மேசைகளுக்கும் இதே வகைக் கல்தான். ஒரு கன மீட்டர் கிரானைட் சுமார் 2.7 டன் என்றால், இது 3 டன்னைத் தொடும். திருவக்கரைச் சிற்பிகள் உளியால் தட்டிப் பார்த்து, மணிபோல் கணீரென்று ஒலித்தால் ஆண் கல் என்று எடுத்து வைப்பார்கள். வெடிப்பில்லாத, நெருக்கமான கல்தான் அப்படி ஒலிக்கும். சிற்ப சாத்திரம் காதால் கண்டுபிடித்ததை இன்று மீயொலி கொண்டு அளக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு கறுப்பு என்று கேட்டால் பைராக்சினும் இரும்பு ஆக்சைடும்தான் பாதிக் காரணம். இயல்பாக வெளுப்பாக இருக்க வேண்டிய ஃபெல்ஸ்பாருக்குள்ளும், கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்கள் மேகம்போல் படர்ந்து அதையும் இருட்டாக்கிவிடுவது மீதிக் காரணம். தென்னிந்திய டைக்குகள் பலவற்றில் இப்படி ஃபெல்ஸ்பார் மங்கியிருக்கிறது. சமையலறை மேடையில் நாம் விரும்பி வாங்குகிற கறுப்பு, ஆழத்தில் நெடுங்காலம் வெப்பத்தில் கிடந்த பாறையின் அடையாளம்.

வயதுக்கு வருவோம். தர்மபுரி முதல் பெங்களூர் வரை பரவிய ஒரு டைக் கூட்டத்தின் வயது 237 கோடி ஆண்டு என்று 2007ல் வெளியான ஆய்வு நிறுவியது. அதைச் சொன்னது பேடலியைட் என்கிற ஒரு கனிமம். சிர்கோனியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது, பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. படிகமாகும்போது அது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை ஏறக்குறையச் சேர்க்கவே சேர்க்காது. ஆகவே இன்று அதில் இருக்கிற ஈயம் கிட்டத்தட்ட முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும் என்று தெரியும். எனவே ஈயத்தையும் யுரேனியத்தையும் அளந்தால் குழம்பு உறைந்த காலம் கிடைத்துவிடும். கிலோக் கணக்கில் கல்லை நொறுக்கி, அரைத்து, நீரில் அலசி, கடைசியில் நுண்ணோக்கிக்குக் கீழே தூசிபோல் ஒரு சில படிகங்கள். அவ்வளவு வேலை.

237 கோடி என்றால் மனதில் எதுவும் பதியாது. அதனால் நான் அதைச் சாலையாக மாற்றிப் பார்த்தேன். காந்தி சிலையிலிருந்து இசிஆர் வழியாகச் சென்னை சுமார் 150 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை 237 கோடி ஆண்டாக வைத்துக்கொள்வோம். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள். அந்தக் காலத்தை எட்ட ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்தால் போதும், நகரத்தைத் தாண்டியிருக்கவே மாட்டோம். வழுதாவூரில் அம்மோனைட் என்கிற சுருள் ஓட்டு உயிர் நீந்திய கடல், டைனோசர்களின் கடைசிக் காலம், சுமார் 7 கோடி ஆண்டு. அதற்கு நாலரைக் கிலோமீட்டர், கோட்டக்குப்பம் பக்கம் வந்திருப்போம். அதற்கப்புறம் மரக்காணம், கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம் என்று எல்லாவற்றையும் கடந்து சென்னைக்குள் போனால்தான் அந்த டைக். டைக் ஏறியபோது நிலத்தில் புல் இல்லை, மரம் இல்லை, ஒரு பூச்சி இல்லை. உயிர் என்றால் நுண்ணுயிர் மட்டும்தான். பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே ஏறக்குறைய அப்போதுதான்.

வட தமிழ்நாட்டு டைக்குகள் எல்லாமே ஒரே காலத்தவை அல்ல. ஓடுகிற திசை வேறு, வேதிக் கூறு வேறு, காலமும் வேறு. ஒவ்வொரு கூட்டமும் ஒரு தனி நிகழ்ச்சி. கோடிக்கணக்கான ஆண்டுகள் எதுவும் நடக்காமல் கிடக்கும், பிறகு குறுகிய காலத்தில் ஒரு நிலப்பரப்பு முழுவதும் கோடு கோடாகப் பிளந்து குழம்பு ஏறும். கனடாவில் மெக்கன்சி டைக் கூட்டம் 127 கோடி ஆண்டுக்கு முன்னால் இப்படித்தான் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் விசிறிபோல் பரவியது. கடை ரசீதில் வருகிற பார்கோடுபோல, ஒரு கண்டத்தின் டைக் வயதுகளை வரிசையாக எழுதி, இன்னொரு கண்டத்தின் வரிசையோடு ஒப்பிடுவார்கள். கோடுகள் பொருந்தினால் ஒரு காலத்தில் இரண்டும் ஒட்டியிருந்தன என்று யோசிக்க இடமிருக்கிறது. கடல்கள் திறந்து மூடி, மலைகள் எழுந்து தேய்ந்த பிறகும் மிஞ்சுகிற சாட்சி இது.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பானது இந்தக் கல்லின் காந்த நினைவுதான். டோலரைட்டில் மேக்னட்டைட் என்கிற காந்த இரும்புக் கனிமத்தின் துகள்கள் உண்டு. 580 டிகிரிக்கு மேல் அவற்றுக்குக் காந்தத் தன்மை நிலைக்காது. ஆறிக்கொண்டே வந்து அந்த வெப்பத்தைக் கடக்கும்போது, அன்றைய பூமியின் காந்தப் புலம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையைத் துகள்கள் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மறுபடி சூடேறாத வரை விடாது. பூமியின் காந்த நடுக்கோடு இன்று தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதனால் தாராளமாக ஆடும் காந்த ஊசி நம் ஊரில் கிட்டத்தட்டக் கிடையாக நிற்கும். துருவத்தில் அதே ஊசி செங்குத்தாகத் தலைகுத்தி நிற்கும். தர்மபுரி, பெங்களூர் வட்டாரத்து 237 கோடி ஆண்டு டைக்குகளில் சின்னச் சின்ன உருளைகளாகத் துளைத்தெடுத்து அளந்தபோது, காந்தத் திசை செங்குத்துக்கு மிக அருகில் இருந்தது. அதாவது, அந்தக் குழம்பு ஆறியபோது நம் நிலம் துருவத்துக்கு அருகே இருந்திருக்கிறது. மாரியம்மன் கோடைத் திருவிழாவில் மண் சுடுகிற அதே நிலம்.

இதை நம்பலாமா என்ற கேள்வி வரும். பின்னால் எப்போதாவது மொத்த நிலமும் சூடேறி, பழைய திசை அழிந்து புதுத் திசை பதிந்திருந்தால்? அதைச் சோதிக்க ஒரு அழகான வழி இருக்கிறது. டைக் ஏறும்போது தன்னை ஒட்டிய பழைய பாறையையும் சுட்டுவிடும். சுடப்பட்ட அந்தப் பகுதி டைக்கோடு சேர்ந்தே ஆறுவதால் டைக்கின் திசையையே பிடித்துக்கொள்ளும். சூடு எட்டாத தூரத்தில் இருக்கிற பாறை தன் பழைய திசையை வைத்திருக்கும். ஆக, டைக்கில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, தள்ளி ஒன்று என்று மூன்று இடத்தில் கல் எடுத்து அளக்க வேண்டும். முதல் இரண்டும் ஒத்து, மூன்றாவது வேறுபட்டால் அது டைக் பிறந்தபோதே பதிந்த நினைவு. மூன்றும் ஒன்றாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இதற்கு டைக் மட்டும் போதாது. டைக்கும் பழைய பாறையும் தொட்டு நிற்கிற அந்த விளிம்பு வேண்டும்.

பாறைக்குழம்பு இப்படி ஊடுருவியதில் இதைவிட அரிய வகைகளும் நம் பக்கம் உண்டு. அனந்தபூரின் வஜ்ரகரூரில் சுமார் 110 கோடி ஆண்டு முன் ஏறிய கிம்பர்லைட், வைரத்தையே தூக்கிக்கொண்டு வந்தது. திருப்பத்தூர் அருகே சேவத்தூரில் கார்பனடைட், சுண்ணாம்புபோன்ற கார்பனேட்டே உருகி ஏறியது. உடுப்பி மல்பே கடலில் செயின்ட் மேரீஸ் தீவுகளின் தூண்தூணான எரிமலைப் பாறை, சுமார் 8.8 கோடி ஆண்டுக்கு முன் மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்த கதையைச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை எழுத வேண்டும்.

விவசாயிக்கு டைக் என்ற சொல் தெரியாது, ஆனால் டைக்கைத் தெரியும். திருவக்கரைப் பக்கம் ஒரு கொல்லையில் கறுப்பு உருண்டைக் கற்கள் வரிசையாகக் கிடந்தன, யாரோ அடுக்கி வைத்ததுபோல். டோலரைட் வெடிப்புகளின் வழியே வெங்காயத்தோல்போல் உரிந்து உரிந்து உருண்டையாகும், டைக் ஓடுகிற கோட்டிலேயே கிடக்கும். நிலத்துக்காரப் பெரியவரிடம் கேட்டேன்.

“அது கல்லு ஓட்டம் தம்பி. அதுக்கு அந்தாண்ட எத்தன போர் போட்டாலும் தண்ணி நிக்காது. இந்தாண்ட பாருங்க, சித்திரையிலயும் ஊத்து இருக்கும்.”

அவர் சொன்னதற்கு விளக்கம் எளிது. நிலத்தடி நீர் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி நகர்கிறது. குறுக்கே வெடிப்பில்லாத டைக் நின்றால் அது பூமிக்குள் கட்டிய அணை. மேட்டுப் பக்கம் நீர் தேங்கும், பள்ளத்துப் பக்கம் காயும். டைக்கின் ஓரம் நொறுங்கியிருந்தால் அந்த ஓரமே நீர்த் தாரையாகவும் ஆகலாம். டைக்கின் நடுவிலேயே போர் இறக்கிவிட்டால்தான் பாவம். வெள்ளையாக வந்துகொண்டிருந்த கல்தூள் கறுப்பாகும், பிட் தேயும், பணம் போகும், ஈரம்கூட வராது. போர் போடுகிறவர்கள் வண்டியைக் கொண்டுவரும் முன் நிலத்தில் ஒரு நடை நடந்து அந்த உருண்டைக் கற்களின் கோட்டைப் பார்த்தாலே பல குடும்பங்களின் கடன் மிஞ்சும்.

டைக்கைத் தோண்டும் குவாரி மற்ற குவாரிபோல் குழியாக இருக்காது. டைக் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம், டைக் ஓடுகிற திசையில் நீளம். பிளாக் கிரானைட்டுக்கு வெடி வைத்தால் கட்டி கீறிவிடும் என்பதால் வைரம் பதித்த கம்பியால் அறுக்கிறார்கள். கல் முழுவதும் எடுத்தான பிறகு மிஞ்சுவது ஒரு கால்வாய். மழைக்குப் பின் பச்சைத் தண்ணீர் நிற்கும். இரண்டு பக்கச் சுவரும் பழைய பாறை. நடுவே அத்தனை கோடி ஆண்டு நின்ற கறுப்பு இல்லை. சில மீட்டரோ சில பத்து மீட்டரோதான் அகலம் என்பதால், ஒரு மலையைக் குடைவதுபோல் இல்லை இது. ஒரே தலைமுறையில் ஒரு டைக்கின் நல்ல பகுதி முழுவதும் தீர்ந்துவிடும். அதுவும் ஓரங்களில் வெடிப்பு அதிகம் என்பதால், விஞ்ஞானத்துக்கு மிகவும் வேண்டிய அந்த விளிம்புக் கல்தான் விற்காத கழிவாகக் குவிகிறது.

கல் எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் எத்தனை வீட்டு அடுப்பு எரிகிறது என்று தெரியும். ஒவ்வொரு குவாரியிலும் பத்தடி நீளத்துக்கு, டைக்கும் பழைய பாறையும் தொடுகிற விளிம்பு சேர்ந்தபடி, கை வைக்காமல் விட்டால் போதும். திருவக்கரைக் கல்மரங்களைச் சுற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டு, தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்று பலகை வைத்திருக்கிறது. பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மனைப் பார்க்க வருகிற கூட்டத்தில் ஒரு பகுதியாவது அங்கே எட்டிப் பார்க்கிறது. அந்த வேலியிலிருந்து சற்றுத் தூரத்தில் லாரிகளில் ஏறிப் போகிற கல், அந்த மரங்களைவிடப் பல மடங்கு பழையது.

கடற்கரைப் பாறைக்குத் திரும்புகிறேன். சென்ற வாரமும் போய்ப் பார்த்தேன், அலை அடித்து அடித்துக் கறுப்புக் கோடு முன்பைவிடப் பளபளப்பாக இருந்தது. அதிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுத்தால், அதிர்ஷ்டம் இருந்தால் வயது கிடைக்கும். வயது படிகத்துக்குள் இருக்கிறது, கல் எங்கே கிடந்தாலும் அது மாறாது. காந்தத் திசையும் உள்ளே அப்படியே இருக்கும், கலையவில்லை. ஆனால் அந்தத் திசையைக் கொண்டு நிலம் எங்கே இருந்தது என்று கணக்குப் போட, கல் குவாரியில் நின்றபோது அதன் எந்த முகம் வடக்கே பார்த்தது, எது மேல்பக்கம் என்று தெரிய வேண்டும். பெயர்த்த இடத்திலேயே அது போய்விட்டது. லாரியிலிருந்து சரித்தபோது அது எப்படி விழுந்ததோ, அப்படித்தான் இப்போது கிடக்கிறது.